கிரானி ஸ்கொயர்: புதிதாகக் குரோஷே பழகுபவர்கள் கேட்கும் கேள்விகள்

குரோஷே, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் நூல் பின்னுவதை, பழக ஆசைப்பட்டு என்னிடம் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. ஏற்கெனவே ஒரு சதுரத்தை ஆரம்பித்து மாட்டிக்கொண்டிருப்பவர்கள் நடுவிலிருந்தும் படிக்கலாம்.

ஊசி பிடிச்சே பழக்கமில்லை. நேரா கிரானி ஸ்கொயர்ல இருந்து ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. நான் எல்லாருக்கும் முதலில் சொல்லித் தருவதே இதைத்தான். பலர் நீளமாக ஒரு மப்ளர் போட்டுப் பழகச் சொல்வார்கள். அதில் ஒவ்வொரு வரிசை முடிவிலும் கடைசிக் கண்ணி எது என்று பிடிபடாமல் ஒன்றை விட்டுவிட, போகப் போக மப்ளர் குறுகிக்கொண்டே வரும், ஆரம்பித்தவரின் ஆசையும் கூடவே குறையும். கிரானி ஸ்கொயர் என்பது நடுவில் தொடங்கி சுற்றிச் சுற்றி வளரும் குரோஷே சதுரம். முதல் சுற்றுக்குப் பிறகு ஊசியைச் சின்னக் கண்ணிகளுக்குள் குத்த வேண்டிய வேலை அநேகமாக இல்லை, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடைவெளிக்குள் விட்டால் போதும்.

இது நேற்று வந்த ஃபேஷனும் இல்லை. 1885-லேயே அமெரிக்காவின் ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்ற விவசாயப் பத்திரிகையில் இந்த மாதிரிச் சதுரம் வந்திருக்கிறது. வேறு வேலையில் மிஞ்சிய துண்டு நூல்களை வீணாக்காமல் சேர்த்துப் போர்வையாக்க இதைவிட நல்ல வழி இல்லை, அதனால்தான் இன்றுவரை நிற்கிறது.

என்னென்ன வாங்கணும்?

4 மி.மீ. குரோஷே ஊசி ஒன்று, 8 பிளை (நடுத்தரத் தடிமன்) நூல் ஒரு உருண்டை, கத்தரிக்கோல், காது பெரிதாகவும் முனை மழுங்கலாகவும் உள்ள தையல் ஊசி ஒன்று. அவ்வளவுதான். பத்துப் பதினைந்து ஊசிகள் அடங்கிய செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதில் முக்கால்வாசியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். கைப்பிடியில் ரப்பர் வைத்த ஒரே ஒரு நல்ல ஊசி போதும்.

நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு, கருநீலம், மெரூன் எல்லாம் பழகும்போது வேண்டாம், கண்ணி எது இடைவெளி எது என்று ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. பஞ்சுபஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் வேண்டாம், போட்டதைப் பிரிக்க வராது.

கடையில ஊல்னு கேட்டா ஒண்ணு கொடுக்கறாங்க. அது நிஜமான கம்பளியா? காட்டன் வாங்கறது நல்லதா?

நம்ம ஊர் ஃபேன்சி கடையிலும் டைலரிங் சாமான் கடையிலும் ‘ஊல்’ என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று லூதியானா கம்பெனிகளின் உருண்டைகள் வருகின்றன, லேபிளைத் திருப்பிப் பார்த்தால் எத்தனை சதவீதம் அக்ரிலிக் என்று போட்டிருக்கும். பழகுவதற்கு அது மிகவும் நல்ல நூல். கொஞ்சம் இழுபடும், விலை குறைவு, நாலு தடவை பிரித்துப் போட்டாலும் தாங்கும்.

காட்டன் இழுபடாது. அதனால் கை இறுக்கம் சரியாக வராதவர்களுக்குத் தொடக்கத்தில் விரல் வலிக்கும், ஆனால் முடித்த சதுரம் கண்ணுக்கு அழகாக, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரியும். தையலுக்கு வாங்கும் மெல்லிய நூல்கண்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆந்திராவின் நரசாப்பூர்ப் பெண்கள் மெல்லிய காட்டன் நூலில் போடும் குரோஷே லேஸ் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது, ஆனால் அந்த நுணுக்கத்துக்கு வர வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும்.

நூல் கையில நிக்கவே மாட்டேங்குது, நழுவுது. எப்படிப் பிடிக்கணும்?

ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கலாம், காய் நறுக்கும் கத்தி மாதிரியும் பிடிக்கலாம். இரண்டும் சரி. கவனம் வைக்க வேண்டியது மற்றக் கையில். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, மற்ற விரல்களுக்குப் பின்னால் கொண்டுபோய், ஆள்காட்டி விரல் மேலாக முன்னால் எடுத்து வாருங்கள். ஆள்காட்டி விரல் கொஞ்சம் நிமிர்ந்து நின்றால் நூல் விறைப்பாக இருக்கும், ஊசியின் கொக்கி அதைச் சுலபமாகக் கவ்வும். மல்லிகைச் சரம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிடி சீக்கிரம் வந்துவிடுகிறது. அதே விரல் கணக்குதான், இறுக்கினால் நசுங்கும், விட்டால் தொளதொளக்கும்.

பழக்கமாகும் வரை வெறும் செயின் மட்டும் நீளமாகப் போட்டுக்கொண்டே இருங்கள். செயின் என்றால் நூலில் சுருக்குக் கண்ணி ஒன்று போட்டு ஊசியில் மாட்டி, நூலைக் கவ்வி அதன் வழியாக இழுத்துக்கொண்டே போவது. எல்லாக் கண்ணியும் ஒரே அளவில் விழ ஆரம்பித்ததும் அடுத்ததுக்குப் போகலாம்.

டபுள் குரோஷே போடறதை மெதுவா ஒரு தடவை சொல்லுங்களேன்.

டபுள் குரோஷே என்பது இந்தச் சதுரம் முழுக்க வரும் உயரமான கண்ணி. ஊசியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கிறது. நூலை ஊசி மேல் ஒரு தரம் சுற்றுங்கள். இப்போது ஊசியை வளையத்துக்குள்ளோ இடைவெளிக்குள்ளோ விட்டு, நூலைக் கவ்வி முன்பக்கம் இழுங்கள். ஊசி மேல் மூன்று கண்ணி இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். மறுபடி நூலைக் கவ்வி முதல் இரண்டு கண்ணி வழியாக இழுங்கள், இரண்டு மிஞ்சும். இன்னொரு தரம் கவ்வி அந்த இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒன்று மிஞ்சும். ஒரு டபுள் முடிந்தது.

இழுத்தெடுக்கும் முதல் கண்ணியை, வேலை செய்கிற விளிம்பின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பலர் அதைச் சின்னதாகவே விட்டுவிடுவதால்தான் டபுள் குட்டையாகவும் இறுக்கமாகவும் வந்து சதுரம் முழுக்க விறைத்துப்போகிறது.

முதல் சுற்று எப்படி?

4 செயின் போட்டு, முதலில் போட்ட செயினுக்குள் ஊசியை விட்டு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டால் ஒரு வளையம் வரும். ஸ்லிப் ஸ்டிட்ச் என்றால் ஊசியை உள்ளே விட்டு, நூலைக் கவ்வி, ஊசி மேல் இருக்கும் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுப்பது. அப்புறம் 3 செயின். இது முதல் டபுளின் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் 2 டபுள் போட்டால் மூன்று பேர் கொண்ட ஒரு கொத்து ஆயிற்று.

2 செயின். இது மூலை. பிறகு 3 டபுள், 2 செயின், 3 டபுள், 2 செயின், 3 டபுள், 2 செயின். ஆரம்பத்தில் போட்ட 3 செயினின் உச்சியில் ஸ்லிப் போட்டு மூடுங்கள். நாலு கொத்து, நாலு மூலை. இந்த நாலும் இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்.

ரெண்டாவது சுற்றுல ஊசியை எங்க விடறதுன்னே புரியல.

பெரும்பாலானவர்கள் நிற்கும் இடம் இது. கொத்துகளின் தலையை மறந்துவிடுங்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் பாருங்கள். முதல் சுற்றில் அப்படி நாலு இடைவெளி, நாலும் மூலை.

சுற்றை மூடியதும் அடுத்த இரண்டு டபுள்களின் தலையில் ஒவ்வொரு ஸ்லிப், மூலை இடைவெளிக்குள் ஒரு ஸ்லிப் என்று நகர்ந்து மூலைக்குள் வந்து சேருங்கள். அங்கே 3 செயின், 2 டபுள், 2 செயின், 3 டபுள், எல்லாம் அந்த ஒரே இடைவெளிக்குள். ஒரு செயின் போட்டு அடுத்த மூலைக்குப் போய் 3 டபுள், 2 செயின், 3 டபுள். இப்படியே நாலு மூலையும் முடித்து, கடைசியாகவும் ஒரு செயின் போட்டு மூடுங்கள். மூன்றாவது சுற்றிலிருந்து பக்கவாட்டிலும் இடைவெளிகள் வரும், அவற்றில் 3 டபுள் மட்டும். மூலைக்கு இரண்டு கொத்து, பக்கத்து இடைவெளிக்கு ஒரு கொத்து. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு கட்டில் அளவுப் போர்வை வரைக்கும் போகலாம்.

சில பேர் கொத்துக்கு நடுவுல ஒரு செயின் போடறாங்க, சில பேர் போடறதில்லை. எது சரி?

இரண்டும் சரிதான். செயின் போட்டால் துணி கொஞ்சம் காற்றோட்டமாக, துவளும் தன்மையோடு வரும். போடாவிட்டால் நெருக்கமாக வரும், பைக்கும் குஷன் உறைக்கும் அது நல்லது. தொடக்கத்தில் போடுங்கள் என்று நான் சொல்வது இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் ஒரே சதுரத்தில் ஒரு சுற்று போட்டு ஒரு சுற்று விடாதீர்கள்.

ஒரு வீடியோல டபுள்னு சொல்றாங்க, இன்னொண்ணுல அதையே ட்ரெபிள்னு சொல்றாங்க. எதை நம்பறது?

அமெரிக்கக் கணக்கும் பிரிட்டிஷ் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒரு படி தள்ளியிருக்கின்றன. அமெரிக்கர்களின் சிங்கிள் பிரிட்டிஷாருக்கு டபுள், அமெரிக்கர்களின் டபுள் பிரிட்டிஷாருக்கு ட்ரெபிள். இங்கே நான் எழுதியிருப்பது முழுக்க அமெரிக்கக் கணக்கு.

ஒரு செய்முறை எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்க, அதில் ‘சிங்கிள் குரோஷே’ என்ற பெயர் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அமெரிக்கக் கணக்கு, ஏனென்றால் பிரிட்டிஷ் கணக்கில் அந்தப் பெயரே இல்லை.

நடுவுல ஓட்டை பெரிசா இருக்கு, அசிங்கமா தெரியுது.

4 செயினுக்குப் பதில் 3 செயினில் வளையம் போட்டுப் பாருங்கள். அதிலும் திருப்தியில்லையென்றால் மேஜிக் ரிங் பழகிக்கொள்ளலாம். நூலை விரலில் வளையமாகச் சுற்றி, அந்த வளையத்துக்குள் முதல் சுற்றைப் போட்டுவிட்டு, நூலின் வாலை இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். ஒன்று மட்டும் முக்கியம். அந்த வாலைத் தையல் ஊசியில் கோத்து வளையத்தைச் சுற்றி இரண்டு தரமாவது ஓட்டி முடிக்காவிட்டால், துவைக்கத் துவைக்க நடுப்பகுதி திறந்துகொள்ளும்.

சதுரம்னு சொல்றீங்க, எனக்கு வட்டமா வருது. இன்னொருத்தருக்கு அஞ்சு மூலை வருது!

முதலில் மூலைகளை எண்ணுங்கள். ஐந்து என்றால் ஏதோ ஒரு பக்கத்து இடைவெளியில் மூலைக்கான இரண்டு கொத்தைப் போட்டிருக்கிறீர்கள். மூன்று என்றால் ஒரு மூலையில் ஒரே கொத்தோடு நகர்ந்துவிட்டீர்கள். நாலு மூலை இருந்தும் வட்டமாக வந்தால், மூலையில் 2 செயின் போட மறந்திருப்பீர்கள், அல்லது அதை மிகவும் இறுக்கமாகப் போட்டிருப்பீர்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எத்தனையாவது சுற்றோ, ஒரு பக்கத்தில் அத்தனை கொத்து இருக்க வேண்டும். முதல் சுற்றில் பக்கத்துக்கு ஒன்று, ஐந்தாவது சுற்றில் பக்கத்துக்கு ஐந்து, மொத்தம் 20 கொத்து, 60 டபுள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நாலு பக்கத்தையும் எண்ணினால் தப்பு அந்தச் சுற்றிலேயே பிடிபடும்.

ஓரம் அலை அலையா நெளியுது. தங்கச்சிக்கு நேர்மாறா கிண்ணம் மாதிரி குழியுது.

நெளிந்தால் ஓரத்தில் நூல் அதிகம். கொத்துகளுக்கு நடுவில் ஒரு செயினுக்குப் பதில் இரண்டு விழுகிறதா, மூலையில் மூன்று விழுகிறதா என்று பாருங்கள். குழிந்தால் நூல் போதவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிகிறது என்றால் உங்கள் தங்கையின் கை இறுக்கம், அவரை 4.5 அல்லது 5 மி.மீ. ஊசிக்கு மாறச் சொல்லுங்கள். கையை மாற்றுவதைவிட ஊசியை மாற்றுவது எளிது.

இந்தக் கோளாறு அடுத்த சுற்றில் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், ஆகாது. பிரிப்பதில் பயமும் வேண்டாம். குரோஷேயில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் வேண்டிய இடம் வரை அமைதியாகப் பிரிந்து வரும்.

எல்லா எண்ணிக்கையும் சரி, ஆனா பெரிசாக ஆக சதுரம் ஒரு பக்கமா திரும்பிக்கிட்டே போகுது. ஏன்?

நல்ல கவனிப்பு. ஒவ்வொரு டபுளின் தலையும் அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காராது, ஒரு பக்கமாகச் சற்றுத் தள்ளி உட்காரும். எப்போதும் ஒரே திசையில் சுற்றினால் அந்தச் சின்னச் சாய்வு சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். மூன்று நாலு சுற்றில் தெரியாது, பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் நடுப்பகுதி முறுக்கிக்கொண்டது மாதிரி தெரியும்.

ஒவ்வொரு சுற்றையும் மூடியதும் வேலையைப் பின்பக்கமாகத் திருப்பி, எதிர்த்திசையில் அடுத்த சுற்றைப் போடுங்கள். திருப்பியதும் ஊசிக்கு அடுத்து எந்த இடைவெளி இருக்கிறதோ அதிலிருந்தே தொடங்கலாம். அது மூலையாக இல்லாமல் பக்கமாக இருந்தால் மூன்று டபுளோடு தொடங்குங்கள். ஒரே சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய்ப் போர்வை போடுபவர்களுக்கு இது கட்டாயம்.

கலர் மாத்தணும். முடிச்சு போட்டுட்டா போதுமா?

வெறும் முடிச்சு போதாது. சுற்றை மூடிய பிறகு நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணி வழியாக இழுத்து இறுக்குங்கள். புது நிறத்தை வேறொரு மூலையில் தொடங்குங்கள். ஒரே மூலையில் எல்லா நிறமும் தொடங்கினால் எல்லா வாலும் அங்கேயே சேர்ந்து அந்த மூலை மட்டும் தடித்துவிடும்.

வாலைத் தையல் ஊசியில் கோத்து, பின்பக்கமாக அதே நிறக் கொத்துகளின் அடியில் ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, இன்னொரு முறையும் திரும்புங்கள். இந்த மூன்று ஓட்டம்தான் பிடித்து நிற்கும். அவசரமாக இருந்தால் அடுத்த சுற்றின் கொத்துகளை வாலின் மேலேயே போட்டு மூடலாம், பாதி வேலை அங்கேயே முடியும். கடைசியில் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஐந்து நிறச் சதுரம் ஒன்றுக்குப் பத்து வால், முப்பது சதுரத்துக்கு முந்நூறு. பாதியில் நின்றுபோன போர்வைகள் பலவும் நின்றது இங்கேதான்.

அக்கா, நான் இடது கைப் பழக்கம். வீடியோ எல்லாமே தலைகீழா தெரியுது.

வலது கைக்காரர்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறார்கள், நீங்கள் முள்ளின் திசையில் சுற்றுவீர்கள். மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை, எண்ணிக்கை எல்லாம் அதேதான். வீடியோவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பாருங்கள், அல்லது சொல்லித் தருபவருக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள். வலது கைக்கு மாறச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

குழந்தைப் போர்வைக்கு எத்தனை சதுரம், எவ்வளவு நூல்?

75-க்கு 90 செ.மீ. போர்வை என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 8 பிளை, 4 மி.மீ. ஊசியில் 6 சுற்று ஏறக்குறைய 15 செ.மீ. சதுரமாக வரும், உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 15 என்றால் குறுக்கே 5, நெடுக்கே 6, மொத்தம் 30.

நூலுக்கு ஒரு சதுரம் முடித்து எடை போடுங்கள், சமையலறைத் தராசு போதும். ஒன்று 10 கிராம் என்றால் 30-க்கு 300 கிராம், இணைக்கவும் கரை போடவும் இன்னும் 20 சதவீதம் சேர்த்தால் 360. 100 கிராம் உருண்டை நாலு. ஒரே நிறத்தில் பல உருண்டை வாங்கினால் லேபிளில் லாட் நம்பர் ஒன்றா என்று பார்த்து, மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் சாயம் ஒரு இழை மாறினாலும் போர்வையில் பளிச்சென்று தெரியும்.

பிறந்த குழந்தைக்கு என்றால் இடையில் செயின் இல்லாத நெருக்கமான முறையில், மெத்தென்ற காட்டனில் போடுங்கள். பெரிய ஓட்டைகளில் பிஞ்சு விரல் மாட்டும், நம்ம ஊர் வெயிலில் அக்ரிலிக் வேர்க்கவும் வைக்கும். தூங்கும் குழந்தையின் தொட்டிலுக்குள் போர்வையைப் போட்டு வைக்காதீர்கள், விழித்திருக்கும்போது மடியில் விரித்துக்கொள்ளலாம்.

சதுரம் ஒவ்வொண்ணும் ஒரு சைஸ்ல இருக்கு. இஸ்திரி போட்டா சரியாயிடுமா?

காட்டனாக இருந்தால் நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, யோகா பாய் மேல் துருப்பிடிக்காத குண்டூசியால் ஒரே அளவில் இழுத்துக் குத்திக் காயவிடுங்கள். காய்ந்ததும் வடிவம் நிற்கும். அக்ரிலிக் மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், ஒரே நொடியில் துவண்டு தட்டையாகிவிடும், திரும்பவும் பழையபடி ஆகாது. குண்டூசி குத்திவிட்டு, ஸ்டீம் வரும் பெட்டியை ஓர் அங்குலம் மேலே தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் படவிட்டு, ஆறிய பிறகு எடுங்கள்.

அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இது காப்பாற்றாது. சின்னதாக வந்த சதுரத்தின் கடைசிச் சுற்றைப் பிரித்து, ஒரு நம்பர் பெரிய ஊசியில் போடுங்கள்.

இணைக்கறது தைச்சா, ஊசியிலயா?

இரண்டு வழியும் உண்டு. மழுங்கல் ஊசியால் விளிம்பின் பின்பக்க இழைகளை மட்டும் சேர்த்துத் தைத்தால் தட்டையாக, தெரியாத மாதிரி இருக்கும். குரோஷே ஊசியால் சிங்கிள் போட்டு இணைத்தால் மேடாக ஒரு கோடு தெரியும், பைக்கு அது பலம். சிங்கிள் என்பது நூலை முதலில் சுற்றாமல் ஊசியை உள்ளே விட்டு இழுத்து, ஊசி மேல் இருக்கும் இரண்டு கண்ணியையும் ஒரே தடவையில் எடுப்பது. எப்படி இணைத்தாலும் முதலில் எல்லாச் சதுரத்தையும் தரையில் பரப்பி நிறங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சதுரமாகத் தைக்காமல், குறுக்குக் கோடுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு நெடுக்குக் கோடுகளுக்குப் போனால் வேலை பாதியாகும்.

துவைச்சா சிவப்பு ஓடி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

இணைத்த பிறகு பயப்படுவதைவிட வாங்கியதுமே சோதித்துவிடுங்கள். சிவப்பு நூலில் ஒரு துண்டை வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். கறை பட்டால் அந்தச் சிவப்பை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, காட்டனில்தான் கவனம். துவைத்தபின் கொடியில் தொங்கவிட்டால் ஈர பாரத்தில் நீண்டுவிடும், நிழலில் பாய் விரித்துப் பரப்பிக் காயவையுங்கள்.

பாதியில வெச்சுட்டு ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தேன். எந்தச் சுற்றுல இருக்கேன், எந்தப் பக்கமா போய்ட்டிருந்தேன், ஒண்ணும் தெரியல.

எல்லாம் அந்தச் சதுரத்திலேயே இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு மூலை வரை மூலை இடைவெளிகளை எண்ணுங்கள், அதுவே முடித்த சுற்றுகளின் எண்ணிக்கை. கடைசிச் சுற்று அரைகுறை என்றால், முழுதாக முடிந்த ஒரு பக்கத்தின் கொத்துகளை எண்ணி, மேலே சொன்ன பக்கத்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள். திசைக்கு, திறந்திருக்கும் கண்ணியின் ஒரு பக்கத்தில் புதுக் கொத்துகள் இருக்கும், மறுபக்கம் பழைய சுற்றின் வெறும் இடைவெளிகள் இருக்கும். வெறும் இடைவெளி இருக்கும் பக்கமாகத்தான் நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்கள்.

ஊசி எந்த நம்பர் என்று மறந்திருந்தால், இருக்கும் ஊசியில் இரண்டு கொத்து போட்டு முந்தைய சுற்றின் உயரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இனிமேல் வேலையை மூட்டை கட்டும்போது ஊசி நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, நூல் லேபிளோடு சேர்த்து அதே கவரில் போட்டு வையுங்கள். திறந்த கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னும் மாட்டிவிடுங்கள், பையில் கிடந்து இழுபட்டாலும் பிரியாது.